பொன்னாத்தாளின் உறைமோர்

"இதைக் குடிச்சாத்தான் நான் வேலைக்குப் போவேன். இல்லீன்னா இங்கயேதான் நிப்பேன், பாத்துக்க."

"நில்லு, உக்காரு, என்னமோ பண்ணு. என்ற வாயில அது படாது."

"டாக்டரு சொன்னது காதுல உழுந்துச்சா இல்லியாம்மா? அம்பத்தொரு வயசுல எழுவத்தஞ்சு வயசு எலும்புன்னாரு. சல்லடையாட்டம் இருக்குதுன்னு படத்தைக் காட்டுனாரு. நீயும்தான பாத்த?"

"மெதுவாப் பேசு கண்ணு. லைன் ஊடு பூராக் கேக்குது."

கேட்கத்தான் செய்தது. நான் ஒரு படி மாவைத் தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு அவர்கள் வாசலில் நின்றிருந்தேன். வேலம்பாளையத்தில் இந்தக் காம்பவுண்டில் எட்டு வீடுகள். எட்டுக்கும் இட்லி மாவு அரைத்துக் கொடுப்பது நான். மாவு கொடுக்கப் போகிறவள் வாசலில் இரண்டு நிமிடம் நிற்பது ஒரு குற்றமில்லை. அன்றைக்கு இருபது நிமிடம் நின்றேன்.

உள்ளே பொன்னாத்தாள் இடது கையில் மாவுக்கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாலு நாள் முன்னால் பஸ் படியில் கால் இடறி, விழாமல் இருக்கக் கையை ஊன்றினாள். ஊன்றிய கை மணிக்கட்டில் முறிந்தது. அவள் மகள் மதுமதி, எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் வேலை, இருபத்தேழு வயது, டம்ளர் பாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல பால். ஆடை கட்டியிருந்தது.

"பாலு புடிக்காது, புடிக்காதுன்னு எத்தனை வருசமாச் சொல்லுவ? மருந்துன்னு நெனச்சு மூக்கைப் புடிச்சுட்டுக் குடிக்க வேண்டீதுதான?"

"அவளுக்குப் புடிக்காதுன்னு ஆரு சொன்னது?" என்றார் கந்தவேல். பொன்னாத்தாளின் கணவர், ஓவர்லாக் டைலர், ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன். அன்றைக்கு அவர் பேசாமல் இருந்திருக்கலாம்.

"ஏனுங்க, நீங்க சும்மா இருங்க," என்றாள் பொன்னாத்தாள்.

"எத்தனை நாளைக்குச் சும்மா இருக்கறது? இவ ஒவ்வொரு மாப்பிள்ளையா வேண்டாங்கறா. மூக்கு செரியில்ல, படிப்பு பத்தல, அவிய ஊர் தூரம்னு. நீ ஒவ்வொரு எலும்பா ஒடச்சுட்டு வர்ற." அவர் மகள் பக்கம் திரும்பினார். "நாலு வயசுல உனக்கு மூளைக்காச்சல் கண்ணு. பதினோரு நாளு கண்ணே முழிக்கல. இவ மலைக்கோயிலுக்கு நடந்து போயி நேந்துக்கிட்டா. நீ பொழைச்சு, ஒருத்தன் கையில உன்னையப் புடிச்சுக் குடுக்கற வரைக்கும் பாலு, தயிரு, மோரு, நெய்யி எதுவும் நாக்குல படாதுன்னு. பன்னண்டாம் நாளு நீ முழிச்ச. இப்பச் சொல்லு, ஆருக்குப் புடிக்கல?"

மதுமதி டம்ளரைக் கீழே வைத்தாள். ஆபீஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். மறுபடி கழற்றிக் கீழே வைத்தாள். வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"மாவு வாங்கி வெய்யிம்மா, வள்ளியாத்தாக்கா ரொம்ப நேரமா நிக்கறாங்க," என்றாள்.

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.

எனக்கு ஒரு பக்கம் பொக்கென்று போனது. இன்னொரு பக்கம், பக்கத்து வீட்டில் பதினாலு வருஷம் குடியிருந்தும் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்று வாயை மூடி வைத்திருந்திருக்கிறார்கள். இந்தக் காம்பவுண்டில் ஒரு விஷயம் இருபத்துமூன்று வருஷம் ரகசியமாக இருப்பது லேசான காரியம் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் தெருவிலேயே நல்ல தயிர் பொன்னாத்தாள் தோய்க்கிற தயிர்தான். கத்தியால் வெட்டலாம். ஆடையை மேலே தள்ளி, பக்குவமான சூட்டில், எவர்சில்வர் போசியைத் துண்டில் சுற்றி வைப்பாள். எட்டு வீட்டுக்கும் உறைமோர் அவளிடமிருந்துதான். "அக்கா, சித்தெ ஒறை குடுங்க" என்று கிண்ணத்தோடு போய் நிற்போம். புளித்திருக்கிறதா என்று நாங்கள் நாக்கில் வைத்துப் பார்ப்போம். அவள் மோந்து பார்த்தே சொல்வாள். பக்குவம் என்று நினைத்தோம். பட்டினி என்று யாருக்குத் தோன்றியது?

அவள் என்ன சாப்பிட்டாள் என்பது எனக்கு மனப்பாடம். மாவு விற்கிறவளுக்கு நாலு வீட்டு அடுப்பும் தெரியும். காலையில் வரக்காப்பி. எட்டரைக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள். நின்றபடி ஒவ்வொரு பனியனாகத் திருப்பித் திருப்பி ஓட்டை, கறை, தையல் விட்டது பார்க்கிற வேலை. டீ வந்தால் பால் இல்லாத டீயும் இரண்டு வர்க்கியும். மத்தியானம் ரசம் சோறும் ஊறுகாயும். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து மிச்சச் சோற்றில் அதே ரசம். அதிலும் சஷ்டி, கிருத்திகை, செவ்வாய், வெள்ளி என்று பாதி நாள் ஒரு பொழுது. முப்பத்தெட்டு வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எடுத்த பத்தாம் நாள் டேபிளுக்குப் போய்விட்டாள். வெயிலைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதுவும் துணி காயப்போடும் வரைக்கும்தான்.

துணி காயப்போடுவது என்றதும் அந்தக் கொடிக்கம்பிச் சண்டையைச் சொல்ல வேண்டும். வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்த கம்பியை இரண்டு வருஷம் முன்னால் யாரோ மேலே தூக்கிக் கட்டிவிட்டார்கள் என்று பொன்னாத்தாள் சத்தம் போட்டாள். கடைசி வீட்டுச் சின்னத்தாய்மேல் சந்தேகம். சின்னத்தாய் சாத்தூர்ப் பக்கத்துக்காரி, பொன்னாத்தாளைவிட ஆறு வயது மூத்தவள், ஆனாலும் எல்லாரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள், பனைமரம் மாதிரி நிமிர்ந்து நடப்பாள்.

"நான் எதுக்குக்கா தூக்கிக் கட்டுதேன்? எனக்கு வேற சோலி இல்லையா?" என்றாள் அவள்.

"அப்பறம் எப்புடீங்க எனக்கு எட்டாமப் போகும்? போன வருசம் வரைக்கும் எட்டுச்சுங்களே."

நானும் பொன்னாத்தாள் பக்கம்தான் பேசினேன். சின்னத்தாய் வீட்டுக் கருவாட்டு வாசம் எனக்கு ஆகாது. அது போதுமே ஒரு கட்சியில் சேர. கடைசியில் பொன்னாத்தாள் ஒரு சாண் உயரப் பலகை முக்காலி வாங்கிப் போட்டு ஏறிக் காயப்போட ஆரம்பித்தாள். கம்பி கட்டிய ஆணி சுவரில் துருப்பிடித்து, அடித்த இடத்திலேயே இருந்தது. குட்டையானது அவள். முதுகு வளைந்ததைப் பார்த்து, "முருகனுக்குக் கும்பிடு போட்டுப் போட்டே கூனு உழுந்துருச்சு" என்று நான்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பால் டம்ளர்ச் சண்டைக்கு மறுநாள் மதுமதி அப்பா அம்மா இரண்டு பேரையும் மலைக்கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நேர்த்தியைத் திருப்ப முடியுமா என்று சாமியிடம் பூக் கேட்க. எங்கள் பக்கத்தில் அது வழக்கம். வெள்ளைப் பூவும் சிவப்பு அரளியும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை.

சிவப்பு வந்தது.

"இன்னொருவாட்டி எடுங்க சாமி," என்றாளாம் மதுமதி.

"ஒருவாட்டிதானுங்க அம்மிணி. இது என்ன கடையில துணி எடுக்கறதுங்களா?"

கந்தவேல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் அதைச் சொன்னபோது முகத்தில் வருத்தம் இருந்தது. மகள் இனிக் கல்யாணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று சாமியும் தன் பக்கம் நின்றுவிட்டதில் கொஞ்சம் தெம்பும் இருந்தது.

ஆனால் சின்னத்தாய் ஒரு வழி சொன்னாள். கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு மூன்றையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"யக்கா, சாமிகிட்டப் பாலத்தான விட்டீக? கேப்பைய விடலைல்லா? எள்ள விடலைல்லா? டாக்டரு எழுதிக் குடுத்த சீட்டுல இதெல்லாமும்தான இருக்கு. இந்தா, நெத்திலிய முள்ளோட மெல்லுங்க. எங்க வீட்டுல பாலு கண்டது யாரு? இதத் தின்னுதான் நான் நடமாடிக்கிட்டு இருக்கேன்."

"கேப்பைக் களிங்களா? எங்கூட்டுல அரிசிச் சோறுதானுங்க. களியெல்லாம் எங்க மாமியா அடுப்புலயே ஏத்த மாட்டாங்க."

"ஒங்க மாமியா செத்து பத்து வருசம் ஆச்சுக்கா. அவுக வந்து எட்டிப் பாக்கப் போறாகளா?"

பொன்னாத்தாள் சிரித்துவிட்டாள். சாப்பிட்டாள். முதல் வாய் தொண்டையில் நின்றது, அப்புறம் இறங்கியது. நேர்த்தி பாலுக்குத்தான், பட்டினிக்கு இல்லை என்பதை இருபத்துமூன்று வருஷத்தில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் யோசிக்கவில்லை. பாலை விட்டவள் பால் விட்ட இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும் என்று இந்தத் திருப்பூரில் எந்தப் பொம்பளைக்கு யோசிக்க நேரம் இருக்கிறது?

கட்டுப் போட்ட அந்த ஆறு வாரம்தான் அவள் காலை வெயிலைப் பார்த்தாள். பத்து மணிக்கு நாற்காலியை வாசலில் போட்டு உட்காருவாள். மதுமதி ஆபீசுக்குப் போகும்முன் எள்ளுருண்டை டப்பாவைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். சின்னத்தாய் லீவு போட்ட நாளில் இரண்டு பேரும் முருங்கைக்கீரை உருவியபடி பேசிக்கொண்டிருப்பார்கள். நான் அரைத்த மாவில் கேழ்வரகு கலந்து கேட்டாள். அரைத்துக் கொடுத்தேன். முகத்தில் கொஞ்சம் களை வந்தது. நான்கூட, "என்னுங்க, மாப்பிள்ளை பாக்கறது உங்களுக்கா மதுவுக்கா?" என்று கேட்டேன்.

கட்டு பிரித்ததும் கம்பெனிக்குப் போய்விட்டாள். இன்னும் லீவு போட்டால் டேபிளில் வேறு ஆள் வைத்துவிடுவார்களாம். களி மதியத்துக்குள் கல்லாகிவிடுகிறது என்று மறுபடி ரசம் சோறு. டாக்டர் கொடுத்த எலும்பு மாத்திரையை, வலி வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று டப்பாவில் பத்திரமாக வைத்தாள். வலிதான் இல்லையே.

இதற்குள் மதுமதி ஒரு காரியம் செய்தாள். அடுத்து வருகிற வரன் எதுவானாலும் சரி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். கார்த்திகையில் அவிநாசிபாளையத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பையன் சிவராஜ், பிரிண்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். யாராக இருந்தாலும் சரி என்று இருந்த பெண், பார்த்த பிறகு இவனாக இருந்தால் சரி என்று ஆகிவிட்டாள். போன் பேசும்போது கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். கம்பி ஆடும். அதை வைத்தே எனக்குத் தெரியும்.

"தையில முடிஞ்சுதுன்னா தைப்பூசத்துக்கு நான் பாலு குடிச்சுருவனுங்க," என்றாள் பொன்னாத்தாள் என்னிடம். "மொதல்ல மோரா, பாலான்னுதான் ரோசனையா இருக்குது. தயிருதான் எனக்கு இஷ்டமுங்க. சின்னதுல அடிப்போசியை நக்கித் திங்கறதுக்கு என்ற தம்பிகூடச் சண்டை போடுவேன்."

ஐம்பத்தொரு வயதுப் பொம்பளை இதைச் சொல்லும்போது எச்சில் விழுங்கினாள்.

மார்கழி முதல் வாரம் இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு மாவு வாங்க வந்தார்கள். புதுமுகம். கையில் பாத்திரம் இல்லை. மாவு வாங்க வந்தவர்கள் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. சிவராஜின் அம்மாவும் சித்தியும். பெண் வீட்டைப் பற்றி விசாரிக்க அக்கம்பக்கத்துக்கு வருவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். அதற்கு என்னைவிடத் தோதான ஆள் யார்?

"புள்ளை எப்புடீங்க?"

"தங்கமுங்க," என்றேன்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

"அந்தம்மா ஏனுங்க அப்புடி வளைஞ்சு நடக்கறாங்க? மெஷின் வேலைங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். என் வாய் அப்படிப் படைக்கப்படவில்லை. எலும்புப் படம் எடுத்தது, சல்லடை மாதிரி இருக்கிறது என்று டாக்டர் சொன்னது, நேர்த்தி, சிவப்புப் பூ எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டவர்கள் கண் விரிய விரிய எனக்கு உற்சாகம் வந்தது. கடைசியில், எங்கேயோ செல்போனில் கேட்டதை வைத்து, "இதெல்லாம் அம்மாகிட்டருந்து மகளுக்கும் வருமாமாங்க" என்றும் சேர்த்தேன். நல்ல சோறும் வெயிலும் இருந்தால் பெரும்பாலும் தடுக்கலாம் என்று அதே செல்போனில் சொன்னதைச் சேர்க்கவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. நினைவு வரவில்லை.

இரண்டு பேரும் ஒரு படி மாவு வாங்கிக்கொண்டு போனார்கள். பாத்திரம் இல்லாததால் கவரில் கட்டிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. ஜாதகம் ஒத்து வரவில்லையாம். பத்துப் பொருத்தம் பார்த்து வெற்றிலை மாற்றத் தேதி குறித்த ஜாதகம். மதுமதி அதற்குப் பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசவில்லை. பொன்னாத்தாள் மட்டும், "இன்னொண்ணு வராமயா போயிரும், உடு கண்ணு" என்றாள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தாள். வழிந்து விரலில் பட்டதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். நான் பின்னால் வந்தேன், பார்த்தேன்.

தை கடைசி ஞாயிறு. காலை ஒன்பது மணி இருக்கும். கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். பொன்னாத்தாள் மகளுடைய சேலையைப் பிழிந்து உதறி, முக்காலிமேல் ஏறி, கம்பியில் வீசினாள். சேலை அந்தப் பக்கம் விழவில்லை. எட்டி இழுத்தாள். முக்காலி நகர்ந்தது. ஒரு சாண் உயரம். குழந்தை விழுந்திருந்தால் எழுந்து ஓடியிருக்கும். அவள் ஈரச் சேலையோடு பக்கவாட்டில் விழுந்தாள். பெரிய சத்தம் இல்லை. முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒன்று.

சின்னத்தாய்தான் முதலில் ஓடி வந்தாள். தூக்கப் போனவளைப் பொன்னாத்தாள் தடுத்தாள்.

"தூக்காதீங்க. காலு என்ற பேச்சைக் கேக்கல." அப்புறம் என்னைப் பார்த்து, "சேலை மண்ணாயிருச்சுங்களா?" என்றாள்.

இடுப்பு எலும்பு. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். ஸ்குரூ பிடிக்க எலும்பில் கெட்டி இல்லை என்று டாக்டர் மதுமதியிடம் சொன்னதாகக் கேள்வி. நான் ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் நாள் போனேன். இட்லி கொண்டு போனேன். வார்டில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

"உக்காருங்க," என்றாள். "வந்ததுக்கு ரொம்ப சந்தோசமுங்க." போர்வையைச் சரி செய்துகொண்டாள். "அவிநாசிபாளையத்துக்காரங்க உங்ககிட்ட வந்தாங்களாமா."

நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"அந்தப் பையனே மதுகிட்டப் போன்ல சொல்லிப் போட்டானுங்க. நீங்க சொல்லாட்டியும் என்ற கூனு சொல்லியிருக்குமுங்க. நீங்க வெசனப்படாதீங்க."

திட்டியிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. இட்லியைப் பிட்டு அவள் கையில் கொடுத்தேன். அவள் ஒன்றரை இட்லி சாப்பிட்டாள். மாவு நன்றாகப் புளித்திருக்கிறது என்றாள்.

மாசியில் கல்யாணம். கந்தவேலின் அக்கா மகன் தீனதயாளன், வெள்ளகோவிலில் எண்ணெய்க் கடை. முதல் மனைவி இறந்து இரண்டு வருஷம். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. முன்பு இதே வரனை மதுமதி வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். இப்போது அவளே அத்தைக்குப் போன் போட்டுப் பேசினாள்.

"எனக்காகக் கட்டிக்க வேண்டாம் கண்ணு," என்றாள் பொன்னாத்தாள். "உனக்குப் புடிச்சுக் கட்டு."

"எனக்குப் புடிச்சதுதாம்மா."

"பொய் சொல்லாத."

"நீ இருவத்துமூணு வருசம் பாலு புடிக்காதுன்னு சொன்னீல்ல? அந்த மாதிரிதான்னு வெச்சுக்க."

கோயிலில் தாலி கட்டி முடித்து நேராக வீட்டுக்கு வந்தார்கள். பொன்னாத்தாள் கட்டிலில் தலையணைகளை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலை அவளைச் சுற்றி நின்றது. உள்ளே ஆள் இருந்த இடம் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பாலும் பழமும் கொடுத்தார்கள். மதுமதி ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள். அன்றைக்கு நீட்டிய அதே டம்ளர்.

பொன்னாத்தாள் சாமி படத்தைப் பார்த்தாள். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, கடைசி வரைக்கும் குடித்தாள். உதட்டில் ஒட்டிய ஆடையை நாக்கால் எடுத்தாள்.

"இனிப்பா இருக்குது," என்றாள். "சக்கரை போடாமயே இனிக்குமுன்னு மறந்தே போயிருச்சு."

கால் மணி நேரம் ஆகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் வெளியே வந்துவிட்டது, பட்டுச்சேலைமேல். இத்தனை வருஷம் பழகாத வயிற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, ஒரு கரண்டி மோரில் ஆரம்பித்திருக்க வேண்டும் என்று கட்டு மாற்ற வந்த நர்சம்மா பின்னால் சொன்னாள். எல்லாரும் பின்னால்தான் சொல்கிறார்கள். மதுமதி கல்யாணக் கூறைச் சேலையின் தலைப்பால் அம்மாவின் வாயைத் துடைத்தாள்.

"போவுது உடு," என்றாள் பொன்னாத்தாள். "குடிச்சது குடிச்சதுதான். கணக்குத் தீந்துருச்சு."

அதற்குப் பிறகு அவள் எழுந்து நடக்கவில்லை. வைகாசியில் நெஞ்சில் சளி கட்டி, மூன்றாம் நாள் போய்விட்டாள். குளிப்பாட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. தூக்கும்போது ஒன்றுமே கனக்கவில்லை.

கந்தவேல் வீட்டைக் காலி செய்துவிட்டு வெள்ளகோவிலுக்கே போய்விட்டார். அங்கே கடையில் உட்காருகிறார். அந்த வீட்டுக்கு ஒடிசாக்கார ஜோடி ஒன்று வந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு முக்காலி இல்லாமலே கொடிக்கம்பி எட்டுகிறது. சின்னத்தாய் மகன் வீட்டோடு சாத்தூருக்குப் போனாள். போகும்போது ஒரு பை கேழ்வரகை என் கையில் திணித்து, "நீங்களும் இப்பப் பிடிச்சே தின்னுங்க, ஒங்களுக்கும் தோளு இறங்கிருச்சு" என்றாள். அவிநாசிபாளையத்துச் சிவராஜுக்கு ஆவணியில் கல்யாணம் ஆனது. பெண்ணின் அம்மா நிமிர்ந்துதான் நடக்கிறாளாம். விசாரித்தேன். இப்போதெல்லாம் விசாரிப்பதோடு சரி. பாத்திரம் இல்லாமல் யாராவது மாவுக்கு வந்தால், எனக்கு ஒன்றும் தெரியாதுங்க என்று சொல்லிவிடுகிறேன்.

வீடு காலி செய்த அன்றைக்கு மதுமதி என் வாசலில் வந்து நின்றாள். அம்மா போனதிலிருந்து என்னோடு அவள் பேசவில்லை. கையில் சின்னத் தூக்குப் போசி.

"அம்மாவோட ஒறை உங்கூட்டுல இருக்குதுங்களா?"

இருந்தது. தினமும் அதிலிருந்து அதையே தோய்த்துத் தோய்த்து என் அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்தது. அரைக் கரண்டி போதும். நான் போசி நிறைய ஊற்றினேன். அவள் மோந்து பார்த்தாள். மூடியை அழுத்தி மூடினாள். "வர்றனுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். வெள்ளகோவில் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி தோய்கிறதாம். காலையில் துண்டைப் பிரித்ததும், புருஷனுக்கும் குழந்தைக்கும் அப்பாவுக்கும் போடும் முன்னால், மதுமதி அடுப்படியில் நின்றுகொண்டே முதல் கரண்டியைத் தன் வாயில் போட்டுக்கொள்கிறாளாம்.